இரண்டு பவுண்டு குளிர்

ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஓசூர்க்காரர்கள் பெட்டிக்குள் கிடக்கும் ஸ்வெட்டரை வெளியே எடுத்துவிடுவார்கள். ஊர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் இன்னும் சில்லென்று இருக்கும். கார்த்திகை, மார்கழி விடியலில் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதும், அதே நாள் பிற்பகலில் 28 டிகிரிக்கு ஏறுவதும் இங்கே சாதாரணம். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, 400 மீட்டர் கீழே இருக்கும் கிருஷ்ணகிரிக்கு அந்த ஸ்வெட்டரோடு வந்து இறங்கினால் பத்து மணிக்கெல்லாம் வியர்த்துவிடும்.

இந்த ஏற்ற இறக்கம் உடம்புக்குத் தெரிகிறது. வண்டியின் டயருக்கும் தெரியும். அடைபட்ட காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கார் டயரில் 10 டிகிரி இறக்கத்துக்குச் சுமார் ஒன்றரை பவுண்டு போகும். பிற்பகல் 28 டிகிரியில் 33 பவுண்டு பிடித்த கார், மறுநாள் விடியல் 14 டிகிரியில் 31 பவுண்டோடு நிற்கும். ஆணி ஏறவில்லை, வால்வு கசியவில்லை. இரண்டு பவுண்டைக் குளிர் விழுங்கிவிட்டது. 110 பவுண்டு பிடிக்கும் லாரி டயரில் அதே இரவு ஐந்தாறு பவுண்டு குறைந்திருக்கும். ஸ்கூட்டர் டயரில் இறக்கம் ஒன்றரை பவுண்டுதான், ஆனால் அங்கே மொத்தமே இருபத்துச் சொச்சம் என்பதால் விகிதம் பெரிது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னும் மார்கழியில் இதே இரண்டு பவுண்டுதான் போனது. அன்று அதற்குப் பெயர் வைத்துப் பேசியவர் யாரும் இல்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

1980இல் ஓசூரில் டிவிஎஸ் 50 மொபெட் உருண்டு வெளியே வந்தது. அதே ஆண்டு அசோக் லேலண்டும் இங்கே தொழிற்சாலை திறந்தது. சிப்காட் வளாகத்தைச் சுற்றி ஊர் பெருக்கத் தொடங்கிய காலம் அது. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை, தருமபுரியோடு சேர்ந்திருந்தது. பெங்களூரிலிருந்து சேலம் போகும் சாலைக்கு அன்று எண் 7. அதன் மேல் லாரிகள் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தன. டயர் என்றால் நைலான் டயர், அதற்குள் டியூப், டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் பிளாப்.

லாரியின் காற்றுக்குப் பொறுப்பு கிளீனர்ப் பையன். டீக்கடையில் வண்டி நின்றதும் டிரைவர் கிளாஸைக் கையில் வாங்குவதற்குள் அவன் கம்பியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்துவிடுவான். ஒவ்வொரு டயராகத் தட்டுவான். காற்று நிறைந்த டயர் கம்பியைத் திருப்பி எறியும், ஓசை கணீரென்று இருக்கும். காற்று இறங்கியது பொத்தென்று வாங்கிக்கொள்ளும். பின்பக்க ஜோடி டயரில் உள்ளே இருப்பது காற்றில்லாமல் கிடந்தாலும் வெளியே இருப்பது பாரத்தைத் தாங்கி நிற்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. கம்பி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பவுண்டு வித்தியாசத்தை அந்தக் கம்பி கண்டுபிடிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, அது அவ்வளவு நுட்பமான கருவி இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவை யாரோ ஒருவர் டயரைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

தொடவேண்டிய கட்டாயமும் இருந்தது. டியூப் என்பது எப்போதும் கொஞ்சம் கசியும் பண்டம். இயற்கை ரப்பரில் செய்தது வேகமாகக் கசியும், பியூட்டைல் ரப்பர் டியூப் அதைவிடப் பல மடங்கு மெதுவாகக் கசியும். இரண்டிலும் ஒட்டுக்கு மேல் ஒட்டு விழுந்த பிறகு கணக்கு ஒன்றுதான். அம்பாசடர் வைத்திருந்தவர் வாரம் ஒரு தடவை பஞ்சர் கடைக்குப் போவார். மரக்கிளையில் பழைய டயர் ஒன்று தொங்கினால் அது பஞ்சர் கடை. நெடுஞ்சாலையில் பல கடைகளைக் கேரளத்திலிருந்து வந்தவர்கள் நடத்தினார்கள். கடைக்காரர் கேஜை வைத்துப் பார்ப்பார், குறைந்ததை ஏற்றுவார். அந்தக் குறைச்சலில் கசிவு எவ்வளவு, குளிர் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க யாருக்குத் தோன்றும்? டியூப் ஒழுகியதால் மனிதர்கள் காற்றுப் பார்த்தார்கள். அந்தப் பழக்கத்தில் மார்கழியின் இரண்டு பவுண்டும் சத்தமில்லாமல் ஈடாகிவிட்டது. மோசமான டியூப்தான் நல்ல காவலாக இருந்திருக்கிறது.

இன்னொரு காவல் கர்நாடக எல்லைச் சாவடி. இந்தப் பக்கம் ஜூஜுவாடி, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. வணிக வரிக் காகிதத்தில் முத்திரை விழும்வரை லாரிகள் வரிசையில் மணிக்கணக்காக நிற்கும். டிரைவர்கள் அந்தச் சாவடிகளைத் திட்டாத நாள் கிடையாது, திட்டியதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தக் காத்திருப்பில் டயர் முழுக்க ஆறிவிடும், ஆறின டயரில் பார்க்கும் காற்றுதான் உண்மையான காற்று. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. வணிக வரிச் சாவடிகள் போயின. 2021இல் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் சுங்கச்சாவடியில் நிற்பதும் சுருங்கிவிட்டது. வண்டி நிற்காமல் போவது நல்லதுதான். டயரைப் பார்க்கும் இடைவேளை அதோடு சேர்ந்து போய்விட்டது என்பதைக் கணக்கில் யாரும் எழுதவில்லை.

பழைய 7ஆம் எண் சாலைக்கு இன்று எண் 44. தங்க நாற்கரத்தின் சென்னை–பெங்களூரு கரம் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத்தான் போகிறது. அகலமான சாலை, நடுவில் தடுப்பு, சூளகிரி தாண்டினால் கால் தானாக அழுத்தும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும், மடங்கும் இடம் சுடும். ஐம்பதில் பொறுத்துக்கொண்டதை நூறில் டயர் பொறுத்துக்கொள்ளாது. வெயில் காலத்தில் டயர் வெடித்தால் "காற்று அதிகமாகிவிட்டது" என்கிறோம். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது: மாதக்கணக்கில் பார்க்காமல் விட்ட குறைந்த காற்று, அதனால் ஏறிய சூடு. கோடையில் நாலு பவுண்டு இறக்கி ஓட்டு என்று சொல்லும் பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அன்போடு சொல்லும் தவறான யோசனை அது.

டயரும் மாறிவிட்டது. இன்றைய காரில் இருப்பது ரேடியல், டியூப்லெஸ். உள்பக்கம் பியூட்டைல் வகை ரப்பர்ப் பூச்சு. மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டுக்கு மேல் கசியாது. ஆணி ஏறினாலும் புஸ்ஸென்று இறங்காமல் ஆணியைப் பிடித்துக்கொண்டு ஓடும். அதனால் வாரம் ஒரு முறை கடைக்குப் போன பழக்கம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆனது, பலருக்கு சர்வீஸுக்கு விட்டால் மட்டும் என்றானது. புரட்டாசியில் சர்வீஸ் விட்ட கார் தைக்குள் மூன்று நான்கு பவுண்டு கசிந்திருக்கும். விடியலில் எடுக்கும்போது மேலும் இரண்டு குறையும். 33 என்று நம்பி ஓட்டுவது 27. பார்வையும் உதவாது. ரேடியல் டயரின் பக்கச்சுவர் காற்று சரியாக இருக்கும்போதே தரையில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். நைலான் டயரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சரியான ரேடியல் குறைந்ததாகத் தெரியும். குறைந்த ரேடியல் சரியானதாகத் தெரியும். கம்பி எடுத்துத் தட்ட லாரிகளிலேயே இப்போது கிளீனர் இல்லாத வண்டிகள்தான் அதிகம்.

அந்த இடத்துக்கு வந்திருப்பது விளக்கு. லாடம் மாதிரி வளைந்த கோட்டுக்குள் ஆச்சரியக்குறியாக, மஞ்சளாக டேஷ்போர்டில் எரியும். ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்கா 2000இல் சட்டம் போட்டது. 2007 செப்டம்பருக்குப் பிறகு அங்கே விற்கும் புதிய கார் எல்லாவற்றிலும் இந்த விளக்கு கட்டாயம். அந்த விதிப்படி குறித்த அழுத்தத்தில் கால் பங்கு போன பிறகு எரிந்தால் போதும். 33 பவுண்டுக்குக் கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட 25க்கு வரும்வரை விளக்கு வாய் திறக்க வேண்டியதில்லை. ஆகவே ஓசூர்க் குளிரின் இரண்டு பவுண்டைப் பற்றி அது பேசாது. ஏற்கெனவே ஏழு பவுண்டு அலட்சியத்தில் போய்விட்ட காரில், மார்கழி விடியல் கடைசித் தள்ளு தள்ளும்போதுதான் எரியும். பாகலூர் ரோட்டில் எரிந்த விளக்கு, டயர் ஓடிச் சூடானதும் அணைந்துவிடும். "சென்சார் கோளாறு" என்று முடிவு கட்டிவிடுவோம். சென்சார் சொன்னது முழுக்க உண்மை.

அந்த விளக்கை நம்பித்தான் நம் ஊர் விதி ஒன்றும் மாறியது. 2020 அக்டோபரிலிருந்து, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள காரில் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. டிக்கியில் இடம் மிச்சம். நடுராத்திரி தொப்பூர்க் கணவாயில் பக்கச்சுவர் கிழிந்தால் அந்த ஒட்டுப்பெட்டியால் பயனில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

நைட்ரஜன் பற்றிக் கேட்பார்கள். காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சுத்தமான நைட்ரஜன் ஈரமில்லாதது, சற்று மெதுவாகக் கசியும், அதுவரை சரி. குளிருக்கு அழுத்தம் இறங்காது என்று பங்க்கில் சொன்னால் நம்ப வேண்டாம், சாதாரணக் காற்று இறங்கும் அளவுக்கே இதுவும் இறங்கும். 

எண்ணை அழுத்திவிட்டால் தானாக நின்று கீச்சென்று கத்தும் காற்று மெஷின் பல பங்க்குகளிலும் வந்துவிட்டது. காற்று இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதியும்கூட. மெஷின் பொய் சொல்லாது, நாம் போகும் நேரம்தான் பொய். எலெக்ட்ரானிக் சிட்டி வேலை முடிந்து நாற்பது நிமிடம் ஓட்டிவிட்டு, சுடுகிற டயரோடு போய் 33 வைக்கச் சொல்கிறோம். ஓடிச் சூடான டயரில் நாலு பவுண்டு கூடுதலாகவே காட்டும். இரவில் ஆறினால் 29, விடியலில் 28 ஆகவும் கூடும். கார்க் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் எண் குளிர்ந்த டயருக்கானது. மூன்று மணி நேரமாவது நின்ற வண்டி, அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடாத வண்டி.

மலையேற்றத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கேஜ் காட்டுவது டயர் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. சென்னையில் வெளிக்காற்று 14.7 பவுண்டு அழுத்தும். ஓசூரில் சுமார் 13.2தான். சென்னையில் 30 டிகிரியில் 33 பிடித்துக்கொண்டு வந்தவரின் கார், ஓசூர் விடியல் 14 டிகிரியில் 32 காட்டும். குளிர் இரண்டரை எடுத்தது, உயரம் ஒன்றரை கொடுத்தது. ஓசூரிலேயே குடியிருந்து மதியம் காற்றுப் பிடிப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது, அவருக்கு முழு நஷ்டம்.

இந்தக் கணக்கு கடுமையாக வேலை செய்வது சபரிமலை சீசனில். கார்த்திகை முதல் தை வரை கர்நாடகப் பதிவெண் வண்டிகள் இரவோடு இரவாக ஓசூரில் இறங்கி, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று தெற்கே போகின்றன. ஏழு பேர் வண்டியில் ஒன்பது சாமிகள், கூரை மேல் மூட்டை. கதவோர ஸ்டிக்கரில் இரண்டு வரிசை இருக்கும்: ஆள் குறைவாக இருந்தால் ஓர் எண், பாரம் நிறைந்தால் அதைவிடக் கூடிய எண். பெங்களூரில் ஒற்றை ஆளாக ஆபீஸ் போன காற்றோடுதான் பெரும்பாலான வண்டிகள் மலைக்குக் கிளம்புகின்றன. விடியலின் குளிர் அதிலும் இரண்டைப் பிடுங்கிக்கொள்கிறது. மாலையிட்டதிலிருந்து தினம் இரண்டு வேளை குளிக்கும் சாமிகளுக்குப் புறப்படும் முன் ஐந்து நிமிடம் டயருக்கு ஒதுக்குவது பெரிய விரதமில்லை.

டிவிஎஸ் 50 பிறந்த ஊரில் இன்று ஏதர் ஸ்கூட்டர் தயாராகிறது. மாவட்டத்தின் இன்னொரு கோடியில் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. முதல் ஷிப்டுக்குப் பனியில் கிளம்பும் ஸ்கூட்டரில் காற்றுக் குறைந்தால் மொபெட் காலத்தில் பெட்ரோல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பேட்டரி வண்டியில் அது கிலோமீட்டராகவே திரையில் தெரிகிறது. குளிரில் பேட்டரியே கொஞ்சம் சோம்பும். டயரும் சேர்ந்து இழுத்தால் மாலை வீடு திரும்பும்போது மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே ஓட்டவேண்டியிருக்கும். ஒரு விதத்தில் இது நல்ல திருப்பம். காற்றுக் குறைவதைப் பணமாகவோ தூரமாகவோ உடனே காட்டும் வண்டி இதற்கு முன் அரிது.

ஓசூர் அடுக்குமாடி வாகன நிறுத்தங்களில் காலையில் சின்னதாக ஒரு கடகடப்பு கேட்கத் தொடங்கியிருக்கிறது. காரின் சாக்கெட்டில் செருகும் கையளவு பம்ப், எண்ணை வைத்தால் தானாக நிற்கும். வண்டி இரவு முழுக்க நின்றிருக்கும், டயர் ஆறியிருக்கும், ஊரிலேயே நம்பகமான ரீடிங் அந்த நேரத்தில்தான் கிடைக்கும். அப்படி விடியலில் 33 வைத்த டயர் பிற்பகலில் கிருஷ்ணகிரி வெயிலில் நிற்கும்போது 35 காட்டினால் பதறி இறக்கவேண்டாம். மறுநாள் ஓசூரில் அது மறுபடி 33.