குண்டும் குழியுமான ரோட்டில் சைக்கிள்: ரிம் கோணலாம், நீங்கள் விழக்கூடாது!

“பார்த்து, ஓரமா போ!” சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் பிள்ளைகளிடம் எல்லா வீட்டிலும் சொல்கிற அறிவுரை இது. ஆனால், நம்ம ஊர் சாலைகளில் சைக்கிளுக்கு மிக மோசமான இடமே அந்த ஓரம்தான்.

சாலையின் நடுப்பகுதியைச் சற்று மேடாகவும் இருபுறமும் சரிவாகவும் போடுவார்கள். மழைநீர் ஓரத்துக்கு வடிய வேண்டும் என்பதற்காக. வடிகால் அடைத்திருந்தால் அந்தத் தண்ணீர் அங்கேயே தேங்கும். தார் விரிசல்களில் இறங்கி, அடியில் உள்ள ஜல்லியை இளக்கிவிடும். மேலே பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்க, பெயர்ந்து பள்ளமாகிறது. குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டிவிட்டு அரைகுறையாக மூடுவதும் பெரும்பாலும் ஓரத்தில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது உச்சத்துக்குப் போகும். அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் 11, 12-ம் வகுப்புப் பிள்ளைகள் இந்த ரோட்டில்தான் போய்வர வேண்டும்.

எங்கே ஓட்டுவது?

தார் விளிம்பிலிருந்து இரண்டு, மூன்று அடி உள்ளே தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். இதில் இரண்டு நன்மைகள். பின்னால் வருபவருக்கு நீங்கள் தெளிவாகத் தெரிவீர்கள். திடீரென ஒரு பள்ளம் வந்தால், இடப்பக்கம் ஒதுங்கக் கொஞ்சம் இடம் இருக்கும்.

பள்ளத்தைவிட ஆபத்தானது, அதைத் தவிர்க்கச் சட்டென்று வலப்பக்கம் வளைப்பது. பின்னால் லாரி வருகிறதா என்று பார்க்க அந்த நொடியில் நேரம் இருக்காது. அதனால், 10, 15 மீட்டர் முன்னாடியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு போங்கள். பள்ளம் தெரிந்தால் திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, மெதுவாக விலகுங்கள். பின்னால் வண்டி வருகிறதா? வேகத்தைக் குறைத்து நின்றுவிடுங்கள். நிற்க முடியாவிட்டால் பள்ளத்திலேயே இறக்கிவிடுங்கள். ரிம் கோணினால் சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்துவிடலாம்.

இன்னொன்று, கண் எங்கே போகிறதோ சைக்கிளும் அங்கேதான் போகும். பள்ளத்தையே முறைத்துப் பார்த்தால் அதில்தான் போய் விழுவோம். பக்கத்தில் உள்ள நல்ல ரோட்டைப் பாருங்கள்.

பள்ளத்தில் இறங்கியே ஆக வேண்டுமா?

பிரேக்கைப் பள்ளத்துக்கு முன்னாலேயே பிடித்து வேகத்தைக் குறையுங்கள். சக்கரம் உள்ளே இறங்கும்போது விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் சிக்கி, ஆள் முன்பக்கமாகக் கவிழ வாய்ப்பு அதிகம். இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து, சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளுங்கள். முழங்கையும் முழங்காலும் கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்ளும், முதுகுக்குப் போகாது.

தண்ணீர் தேங்கிய இடத்தில் இந்த வித்தை எதுவும் வேண்டாம். ஆழம் ரெண்டு இன்ச்சா, ரெண்டு அடியா என்று வெளியிலிருந்து தெரியாது. உள்ளே மூடியில்லாத சாக்கடைக் குழிகூட இருக்கலாம். இறங்கி, சுற்றித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. மழையில் இரும்பு மேன்ஹோல் மூடிகளும் வெள்ளைக் கோடுகளும் வழுக்கும். அவற்றின்மேல் திருப்பவோ, பிரேக் பிடிக்கவோ கூடாது.

மண் தரையில் இறங்கிவிட்டு மறுபடியும் தார் ரோட்டில் ஏறும்போதும் கவனம் தேவை. சாய்வாக ஏறினால், விளிம்பில் முன் சக்கரம் உரசி வழுக்கிவிடும். முடிந்தவரை விளிம்புக்குக் குறுக்காக, நேராக ஏற்றுங்கள். விளிம்பு உயரமாக இருந்தால், இறங்கித் தூக்கி வையுங்கள்.

காற்று சரியா இருக்கா?

காற்று குறைவாக இருந்தால், பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது டயர் நசுங்கி, டியூப் ரிம்முக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். பாம்பு கடித்ததுபோல பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுந்தால் காரணம் ஆணி அல்ல, காற்றுக் குறைவு. அதற்காகக் கல் மாதிரி அடிக்கவும் கூடாது. ஒவ்வொரு அதிர்வும் கைக்கு வரும், சக்கரமும் துள்ளும். எத்தனை பி.எஸ்.ஐ வரை அடிக்கலாம் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த அளவுக்குள் வைத்து, பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அடியுங்கள். புது சைக்கிள் வாங்குபவர்களுக்கு, மெல்லிய டயரைவிட அகலமான டயர் நம்ம ரோட்டுக்கு ஒத்துவரும்.

ஸ்கூல் பேக்கையும் சாப்பாட்டுப் பையையும் ஹேண்டில்பாரில் மாட்டும் பழக்கத்தை விட வேண்டும். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பை ஆடி ஹேண்டிலைத் திருப்பிவிடும், வார் ஸ்போக்ஸில் சிக்கும். கேரியரில் வைத்துக் கட்டிவிடுங்கள். துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு ஓட்டுவதென்றால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலையில் ஹெல்மெட் மூன்றும் கட்டாயம்.

பலமாக அடி விழுந்ததா?

இறங்கி ஒரு நிமிடம் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் பிரேக் கட்டையில் உரசுகிறதா? ஸ்போக்ஸ் ஏதாவது தொளதொளவென்று ஆடுகிறதா? டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருக்கிறதா? ஃபோர்க்கில் வளைவோ விரிசலோ தெரிகிறதா? கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலும் ஓட்டாதீர்கள், கடை வரை தள்ளிக்கொண்டு போங்கள்.

யாரிடம் சொல்வது?

சென்னை மாநகராட்சிச் சாலை என்றால் 1913. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. மாநில நெடுஞ்சாலைத்துறையின் சாலைகளுக்கு ‘நம்ம சாலை’ செயலி இருக்கிறது. பக்கத்துக் கடை, மின்கம்பம் என ஏதாவது ஓர் அடையாளம் தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், இடத்தைச் சொல்வது சுலபம். சரிசெய்ய ஆள் வரும்வரை பள்ளத்தில் ஒரு மரக்கிளையை நட்டு வைப்பது நம்ம ஊர் வழக்கம். அதைத் தாராளமாகச் செய்யலாம். கல்லை மட்டும் வைக்காதீர்கள். ராத்திரியில் அதில் மோதி விழப்போவதும் ஒரு சைக்கிள்காரராக இருக்கலாம்.