மேற்குச் சுவரும் வீட்டு வரைபடமும்

மாணவர்களே, வெயில் அடித்த நாளில் இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டு மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் சுடும். பிற்பகலில் செங்கல் உள்வாங்கிய வெப்பம் மெதுவாகத்தான் வெளியேறும்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் உள்ளது. நண்பகலில் சூரியன் உச்சிக்கு அருகே நிற்பதால், கூரை விளிம்பின் நிழலே சுவர்களைக் காக்கும். மாலை வெயிலோ சாய்ந்து வந்து விளிம்புக்குக் கீழே நுழைந்துவிடும். அதனால்தான் கட்டடக் கலைஞர்கள் நீளமான சுவர்களையும் பெரிய சன்னல்களையும் வடக்கு, தெற்குப் பக்கம் வைக்கப் பார்ப்பார்கள்.

உங்கள் குடும்பம் சொந்த நிலத்தில் வீடு கட்டுகிறதா? வரைபடத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியைத் தேடுங்கள். படுக்கையறை மேற்கில் இருந்தால், அங்கே படிக்கட்டையோ குளியலறையையோ மாற்றி வைக்கலாமா என்று கட்டடக் கலைஞரிடம் கேளுங்கள். சுவர் எழும்புவதற்கு முன்பே கேளுங்கள். நாங்கள் அறைகளின் எண்ணிக்கையை மட்டுமே பேசினோம். என் அறையில் நள்ளிரவுவரை மின்விசிறி முழு வேகத்தில் சுழல்கிறது.