குற்றாலத்தில் குளித்தால் ரத்தக் கொதிப்பு அடங்கிவிடுமா?
4 நாளாக மாத்திரையைத் தொடாத அண்ணாச்சி

தென்காசி,

குற்றாலத்தில் சீசன் களை கட்டியிருந்தது. ஜிலுஜிலு காற்று, சாரல், பேரருவியில் தலைகள் தெரியாத கூட்டம். அருவிக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. ஈரத் துண்டோடு ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வயது 55 இருக்கும்.

"எனக்கு மூணு வருசமா பிரஷர் தம்பி. ஆனா இங்க வந்தா மாத்திரையைத் தொடமாட்டேன். மூலிகைத் தண்ணி தலையில விழுதுல்லா! கொதிப்பு எல்லாம் இறங்கிரும். இன்னைக்கு நாலாவது நாள். எப்படி இருக்கேன் பாருங்க!" என்றார்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தார். தலைவலி இல்லை. மயக்கம் இல்லை. வாழைக்காய் சிப்சை நொறுக்கிக் கொண்டிருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணாச்சி, சும்மா ஒரு தடவை பார்த்துட்டு வந்திருவோம்" என்று பேசிப் பேசி சம்மதிக்க வைத்து, ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நர்சு அவரை 5 நிமிடம் சும்மா உட்காரச் சொல்லி, பிறகு கையில் பட்டையைச் சுற்றினார். 184-க்கு 112! இன்னொரு தடவை பார்த்தார். கிட்டத்தட்ட அதேதான்.

அண்ணாச்சியின் முகம் மாறியது. "எனக்கு ஒண்ணுமே செய்யலையே!" என்றார்.

காட்டிக் கொடுக்காது

கொலை, கொள்ளைச் செய்தி எழுதுகிறவன் நான். எந்தக் குற்றவாளியும் ஏதாவது ஒரு தடயத்தை விட்டுச் செல்வான். இந்த வியாதி அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. பல வருஷம் உள்ளேயே இருந்து, ஒரு நாள் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வெளியே வரும். சிறுநீரகத்தையும் கண்ணையும்கூட கெடுக்கும்.

"ரத்தக் கொதிப்பு" என்கிற பேரே ஆளை ஏமாற்றுகிறது. ரத்தம் கொதிப்பதும் இல்லை, கோபக்காரர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. வாயைத் திறந்து பேசாத சாதுவுக்கும், ஒல்லியான ஆளுக்கும் வரும்.

தோட்டத்தில் மோட்டார் போட்டு ஓசில் தண்ணீர் பாய்ச்சுகிறோம். ஓஸ் விறைத்துச் சுருங்கினால் மோட்டார் முக்க வேண்டும். ஓசும் எங்காவது வெடிக்கும். இருதயமும் ரத்தக் குழாயும் அப்படித்தான். இருதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருக்கிற அழுத்தம் மேல் எண். தளரும்போது இருப்பது கீழ் எண். 120-க்கு 80-ஐ ஒட்டி இருந்தால் கவலை இல்லை. வெவ்வேறு நாளில் பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேலே நின்றால் அது ரத்தக் கொதிப்பு. டாக்டரைப் பார்த்த பயத்திலேயே சிலருக்கு எகிறும். அதனால்தான் ஒரு நாள் கணக்கை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை.

குளிர்ந்த தண்ணீர் செய்யும் வேலை

அருவித் தண்ணீர் அழுத்தத்தை இறக்குமா? சில்லென்ற தண்ணீர் மேலே பட்டதும் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். அழுத்தம் அப்போதைக்கு ஏறத்தான் செய்யும். 1930-களிலேயே அமெரிக்க டாக்டர்கள், ஐஸ் தண்ணீரில் கையை முக்கச் சொல்லி இதை அளந்து பார்த்து விட்டார்கள். குளித்த பிறகு வருகிற சுகம் நிஜம். உடம்பு அலுப்பும் போகும். ஆனால் அந்தச் சுகத்துக்கும் மேல் எண், கீழ் எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை.

மூலிகைப் பேச்சு முழுக்கப் பொய்யும் இல்லை. சர்ப்பகந்தி என்று ஒரு செடி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளரும். அதன் வேர் ரத்தக் கொதிப்பை இறக்குகிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் ஆங்கிலேயர்களின் இருதய மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. வேரைப் பக்குவப்படுத்தி, அளவோடு கொடுத்தபோது வேலை செய்தது. செடி நிற்கிற மலையில் ஓடி வந்த தண்ணீருக்கு அந்தச் சக்தி கிடையாது. அந்த மருந்தும் மனச்சோர்வு போன்ற தொல்லை கொடுத்ததால், அதைவிட நல்ல மாத்திரைகள் வந்ததும் பின்னுக்குப் போய் விட்டது.

ஜனாதிபதிக்கும் இதே கதை

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இளம்பிள்ளை வாதத்தால் கால் விளங்காதவர். வாம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் வெந்நீர் ஊற்றில் குளித்தால் நல்லது என்று 1924 முதல் அங்கே போய் வந்தார். 1945 ஏப்ரல் 12-ந் தேதி அதே ஊரில் தலையைப் பிடித்துக் கொண்டு சாய்ந்தார். மூளையில் ரத்தக் கசிவு. அன்று அவருடைய அழுத்தம் 300-க்கு 190. அவருடைய டாக்டர்களிடம் இதை அடக்கும் சரியான மாத்திரை அப்போது இல்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

உலகத்தையே ஆட்டிப் படைத்தவருக்குக் கிடைக்காத மாத்திரை இன்று நம் ஊர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வீடு தேடிப் போய் கொடுக்கவே "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டில் எடுத்த கணக்கு தூக்கிவாரிப் போடும். பெரியவர்களில் 100-க்கு 34 பேருக்கு ரத்தக் கொதிப்பு. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களோ, அந்த நோயாளிகளில் 100-க்கு 7 பேர்தான்!

உப்பும் புரோட்டாவும்

ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் சேர்க்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன் அளவு. குற்றாலத்துக்கு வந்தவர்கள் சிப்ஸ், ஊறுகாய், பார்டர் கடை புரோட்டா சால்னா என்று ஒரே வேளையில் அதைத் தாண்டி விடுவார்கள். சிலர் ராத்திரி பாட்டிலும் திறக்கிறார்கள். அதுவும் அழுத்தத்தை ஏற்றும். பீடி, சிகரெட் ரத்தக் குழாயையே கெடுக்கும். (நானும் சிப்ஸ் ஒரு பொட்டலம் வாங்கினேன். ஒளிப்பானேன்?)

வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு திடீரென்று குழறினாலோ பக்கவாதம் என்று சந்தேகப்பட வேண்டும். தைலம் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்று இருந்து விடக் கூடாது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

அண்ணாச்சிக்கு டாக்டர் விட்ட டோசில் நானும் நெளிந்தேன். "மாத்திரை சாப்பிட்டதால்தான்யா அழுத்தம் அடங்கி இருந்தது. அடங்கிருச்சுன்னு நிறுத்தலாமா? சில மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா முன்னைவிட எகிறும்" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, மறுநாள் காலை மீண்டும் வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி முதல் வேலையாக மருந்துக் கடைக்குப் போனார். அட்டையைச் சட்டைப் பையில் வைத்து இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக் கொண்டார்.

"சாயங்காலம் ஐந்தருவிக்குப் போகலாம்னு இருந்தேன் தம்பி..." என்று இழுத்தார்.

"நாளைக்கு டாக்டரைப் பார்த்துட்டு அவர்ட்டயே கேளுங்க அண்ணாச்சி" என்றேன். தலையாட்டிக் கொண்டே பஸ் ஏறினார்.