பட்டை கூட்டினால் போதுமா?



கேமரன் மலைத் தோட்டப் பாதைகளில் பழைய லேண்ட் ரோவர் வண்டியைப் பார்க்காதவர் நம்மில் இல்லை. 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தயாராகத் தொடங்கிய வண்டி அது. பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறதே என்று சிலர் ஸ்பிரிங்கில் இன்னும் இரண்டு பட்டைகளைச் சேர்த்துவிடுகிறார்கள். அதோடு வேலை முடிந்துவிடுமா?

வீட்டில் ஸ்பிரிங்கில் கட்டிய தொட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை இழுத்துவிட்டால் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது! பிள்ளை தூங்க அது நல்லது, வண்டிக்கோ ஆபத்து. பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் சக்தியை வாங்கி வைத்து, உடனே திருப்பித் தள்ளும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். அதன் குழாய்க்குள் பிஸ்டன் ஏறி இறங்கி, எண்ணெயைச் சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளுகிறது. ஆட்டம் சூடாக மாறி அடங்குகிறது. மேடுபள்ளத்தில் ஓடிய வண்டியின் அப்சார்பர் சுடுவது இதனால்தான்.

பட்டை கூடினால் ஸ்பிரிங் கடினமாகிறது. திருப்பித் தள்ளும் பலமும் கூடுகிறது. பழைய அப்சார்பருக்கு அது மிஞ்சிய வேலை. இதற்கு ஒரு கணக்கு உண்டு. பாரம் மாறாமல் ஸ்பிரிங்கின் கடினம் இரண்டு மடங்கானால், அப்சார்பரின் பிடிப்பு ஏறக்குறைய 1.4 மடங்காக வேண்டும். நான்கு மடங்கானால், பிடிப்பு இரண்டு மடங்கு.

பிடிப்பு குறைந்தால் வளைவில் சக்கரம் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. பிடிப்பு மிஞ்சினாலும் கெடுதல்தான். அமுங்கிய ஸ்பிரிங் நிமிர்வதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். வண்டி தாழ்ந்துகொண்டே போய் அடிதட்டும்.

ஒரு சிறு சோதனை சொல்கிறேன். நிற்கும் வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிடுங்கள். எழும்பி உடனே அமர்ந்தால் நல்லது. ஆடிக்கொண்டே இருந்தால் அப்சார்பர் தேய்ந்துவிட்டது. ஆனால், துருப்பிடித்த பட்டைகள் ஒன்றோடொன்று உரசியும் ஆட்டத்தை அடக்கும். அதைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். அப்சார்பர் குழாயில் எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள். மாற்றும்போது இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இன்னொன்று. பட்டை கூட்டியதால் பிரேக்கின் பலம் கூடிவிடாது. வண்டிக்கு விதித்த பாரத்துக்கு மேல் ஏற்றவே கூடாது. கொழுந்து மூட்டை சரிந்தால் அள்ளிக்கொள்ளலாம். அதே வண்டியில் நம் பிள்ளைகளும் அல்லவா வருகிறார்கள்?