ஊட்டி உயரம் வரை

சுவிட்சர்லாந்து என்றதும் நம் சங்க அன்பர்களில் பலருக்கு இந்தி சினிமாப் பாட்டுகள்தாம் நினைவுக்கு வரும். இன்டர்லாகன் ஊரில் யாஷ் சோப்ராவுக்கு 2016இல் சிலையே வைத்திருக்கிறார்கள். 2024 ஜூன் மாதம் நாங்கள் நண்பர்கள் நால்வர் பத்து நாள் அங்கே சுற்றிப் பார்க்கப் போனபோது, அந்தச் சிலையருகே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அதோடு சினிமாக் கணக்குத் தீர்ந்தது. ரயில்வே உப்பைத் தின்றவர்களுக்குச் சுவிட்சர்லாந்து என்றால் மலை ரயில்தான்.

நால்வரையும் அறிமுகம் செய்துவிடுகிறேன். நாகபுரியில் எங்களுக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பார்த்த உத்தியோகமே பெயர். முதலாமவர் 'கார்டு'. வயது 68. இட்டார்சி பக்கத்து மலைப்பாதையில் சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் குளிரிலும் மழையிலும் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். 2022இல் ரயில்வே அந்தப் பதவியின் பெயரை 'டிரெயின் மானேஜர்' என்று மாற்றிவிட்டது. இவர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டதால் எங்களுக்கு என்றும் கார்டுதான். இரண்டாமவர் 'ஃபோர்மன்'. மேட்டுப்பாளையத்துக்காரர்; அப்பா குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். மூன்றாமவர் 'அக்கவுண்ட்ஸ்'. விசா, டிக்கெட், புளிக்காய்ச்சல், அரிசி எல்லாம் அவர் பொறுப்பு. நான் தண்டவாளப் பகுதி.

ஜூரிக்கில் இறங்கியதும் ஃபோர்மன் பிடிவாதமாக எங்களை விண்டர்தூர் என்ற ஊருக்கு இழுத்துக்கொண்டு போனார். நம் நீலகிரி ரயிலின் பழைய நீராவி இஞ்சின்கள் அந்த ஊர்த் தொழிற்சாலையில் செய்தவை. சிறு வயதில் இஞ்சினின் வயிற்றில் அந்த ஊர்ப் பெயரைப் பித்தளைத் தகட்டில் படித்தவர் அவர். இப்போது அங்கே இஞ்சின் கட்டுவதில்லை. தொழிற்பேட்டையில் குடியிருப்புகளும் கல்லூரியும் வந்துவிட்டன. ஃபோர்மன் ஒரு சிவப்புச் செங்கல் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, போகலாம்" என்றார்.

கார்டுக்குப் பிடித்தது ரயில் நிலையக் கடிகாரம். சுவிஸ் ரயில்வேயில் வேலை பார்த்த ஹான்ஸ் ஹில்ஃபிகர் என்ற பொறியாளர் 1944இல் வடிவமைத்தது. வெள்ளை முகம், எண்கள் கிடையாது, கறுப்புக் கோடுகள் மட்டும். 1953இல் அதற்குச் சிவப்பு விநாடி முள் சேர்த்தார்கள். முள்ளின் நுனியில் ஒரு சிவப்பு வட்டம், வண்டி புறப்படக் கைகாட்டும் ஊழியரின் கைத்தட்டைப் போல. அந்த முள் ஒரு சுற்றை அறுபது விநாடிக்குச் சற்று முன்னதாகவே முடித்துவிட்டு, உச்சியில் வந்து ஒரு கணம் நிற்கும். தலைமைக் கடிகாரத்திலிருந்து மின் கட்டளை வந்ததும் நிமிட முள் தாவும். சிவப்பு முள்ளும் மறுபடி கிளம்பும். கார்டு ஜூரிக் பிளாட்பாரத்தில் கழுத்து வலிக்க நின்று ஏழெட்டு நிமிடங்கள் இதையே பார்த்தார். "லைன் கிளியர் வாங்கிட்டுத்தான் கிளம்புது, பாருங்க" என்றார். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஏறிய வண்டி, புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், ரிமார்க்ஸ் என்று நான்கு பத்தி. ஓய்வு பெற்ற பிறகும் விடாத பழக்கம்.

இனி யுங்ஃபிராவ் விஷயம். நம்மவர்கள் 'ஜங்ஃபிராவ்' என்கிறார்கள். அந்த ஊரார் நாக்கில் அது 'யுங்ஃபிராவ்'. 3454 மீட்டர் உயரத்தில், ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம் அங்கேதான் இருக்கிறது. அடோல்ஃப் குயர்-ஸெல்லர் என்ற ஜூரிக் தொழிலதிபர் 1893 ஆகஸ்டில் மகளுடன் மலையில் நடந்து கொண்டிருந்தபோது இந்த யோசனை தோன்றி, அன்றிரவே பாதையை வரைந்து வைத்தாராம். 1896இல் வேலை துவங்கியது. ஏழு வருடத்தில் முடிப்போம் என்றார்கள். பதினாறு வருடம் ஆயிற்று. 1899இல் குயர்-ஸெல்லர் காலமானார். அதே வருடம் ஒரு வெடி விபத்தில் ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள். 1912 ஆகஸ்ட் 1ஆம் தேதி, அவர்கள் தேசிய தினத்தன்று, மேல் நிலையம் வரை வண்டி ஓடியது. மொத்தப் பாதை 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் 7 கிலோமீட்டருக்கு மேல் அய்கர், மோங்க் என்ற இரு மலைகளின் வயிற்றுக்குள் சுரங்கம். முதல் பகுதி திறந்த 1898இலிருந்தே மின்சார வண்டி. நம் நாட்டில் முதல் மின்சார ரயில் பம்பாயில் ஓடியது 1925இல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டிப்ளமா படிக்கிற காலத்தில் ஒரு பாடப்புத்தகத்தின் மூலையில் இந்தச் சுரங்கத்தின் குறுக்குவெட்டுப் படம் பார்த்தது முதல், ஒரு முறை இதில் போய்விட வேண்டும் என்பது என் ஆசை.

போவதற்கு முந்தின இரவு, இன்டர்லாகன் வாடகை வீட்டில் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கவுண்ட்ஸ் மேசையில் டிக்கெட் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ரயில் பாஸுக்கு உரிய கழிவு போகவும் தலைக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாது. அப்போது கார்டு மாத்திரைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். போன வருஷம் அவர் இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தது எங்களுக்குத் தெரியும். கிளம்பும் முன் டாக்டர் எழுதிக் கொடுத்தது தெரியாது. 2200 மீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்று இருந்தது. "சிம்லா உயரம் வரைக்கும் போகலாம்னார். நான் சிம்லாவைக் கண்டேனா? அப்ப ஊட்டி வரைக்கும்னு வெச்சுக்கறேன்னேன்" என்றார்.

"இதை நாகபுரியிலேயே சொல்லியிருக்கலாமே?" என்றார் அக்கவுண்ட்ஸ்.

"சொல்லியிருந்தா நீங்க யாரும் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டீங்க."

பிறகு ஒரு மணி நேரம் வாக்குவாதம். ஃபோர்மன் கட்சி, "தினம் ஆயிரக்கணக்கான கிழவர்கள் போய் வருகிறார்கள், மேலே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரப்போகிறார், மனுஷன் ஆசையைக் கெடுக்காதீர்கள்" என்பது. அக்கவுண்ட்ஸ் கட்சி, "ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அவர் மகளுக்கு நாம் என்ன பதில் சொல்வது" என்பது. இரண்டு பேரும் குரலை உயர்த்திவிட்டார்கள். முப்பது வருடப் பழக்கத்தில் அவர்கள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. என்னைக் கேட்டார்கள். 3454 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். மூச்சுக்கு மூச்சு பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறையும் என்று சொன்னேன். ஃபோர்மன் என்னை முறைத்தார்.

கார்டுதான் முடித்து வைத்தார். "ரேக்கிலே ஒரு வேகன் சூடாகுதுன்னா கார்டு என்ன செய்வான்? சிக் மார்க் போட்டு அடுத்த ஸ்டேஷன்லே கழட்டி விடுவான். அதுக்காக முழு வண்டியையும் நிறுத்தி வெப்பானா? நான் சிக் வேகன். ஊட்டி உயரத்துலே ஒரு ஸ்டேஷன் பார்த்துக் கழட்டி விடுங்க. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

அப்படி ஒரு ஸ்டேஷன் இருந்தது. க்ளைன ஷைடெக், 2061 மீட்டர். இரண்டு ரயில்கள் சந்திக்கும் இடம். அதுவரை 800 மில்லிமீட்டர் அகலப் பாதையில் வெங்கன் வழியாக ஏறி வரும் மஞ்சள் பச்சை வண்டி. அதற்கு மேல் மீட்டர் கேஜில் யுங்ஃபிராவுக்குப் போகும் சிவப்பு வண்டி. மறுநாள் காலை அங்கே இறங்கியதும் நானும் நின்றுவிட்டேன். கார்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு என்ன காவலா? நாற்பது வருஷமா பிரேக் வேனிலே தனியா இருந்தவன் நான்." பல்தண்டவாளத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், சுரங்கத்துக்குள் போனால் இருட்டில் என்ன தெரியும் என்று சொல்லிச் சமாளித்தேன். பாதி உண்மை. சிவப்பு வண்டி ஃபோர்மனையும் அக்கவுண்ட்ஸையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய்.

ஆனால் பல்தண்டவாளம் பார்க்கத் தக்கதுதான். நம் நீலகிரியில் இருப்பது ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை. நடுவில் இரண்டு இரும்புப் பட்டைகள் அருகருகே. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி வைத்திருப்பார்கள். எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். யுங்ஃபிராவில் இருப்பது ஸ்ட்ரூப் முறை. ஒரே தண்டவாளம், அதன் தலையிலேயே பல் வெட்டியிருக்கிறது. நீலகிரியில் மிகச் செங்குத்தான ஏற்றம் சுமார் 12க்கு 1. இங்கே 4க்கு 1. இறங்கும் வண்டியின் மோட்டார் தானே மின்சாரம் செய்து மேல்கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஏறுகிற வண்டி அதை வாங்கிக்கொள்கிறது. இதைச் சொன்னதும் கார்டு, "நம்ம காட் செக்ஷன்லே பிரேக் கட்டை தேய்ஞ்சு நெருப்புப் பொறி பறக்கும். அத்தனையும் வீணாப் போச்சே" என்று அங்கலாய்த்தார்.

நிலையத்துக்கு நேர் எதிரே அய்கர் மலையின் வடக்குச் சுவர். சுமார் 1800 மீட்டர் உயரத்துக்கு ஒரே கறுப்புப் பாறை. காசு போட்டுப் பார்க்கும் தொலைநோக்கி ஒன்று அங்கே இருக்கிறது. சுவரின் நடுவே, சுரங்கத்திலிருந்து வெளியே திறக்கும் ஜன்னல்கள் இருக்கின்றன. 1936 ஜூலையில் நான்கு இளைஞர்கள் அந்தச் சுவரில் ஏறினார்கள். இருவர் ஜெர்மானியர், இருவர் ஆஸ்திரியர். கல் விழுந்து ஒருவருக்குத் தலையில் அடி. அவரையும் இறக்கிக்கொண்டு நால்வருமே திரும்பினார்கள். ஏறியபோது கடந்த வழுக்குப் பாறையில் கட்டிய கயிற்றை உருவிக்கொண்டு போயிருந்ததால் வந்த வழியே மீள முடியவில்லை. நேரே கீழே இறங்கப் பார்த்தார்கள்; பனிச்சரிவில் மூவர் மாண்டார்கள். மிஞ்சிய டோனி குர்ட்ஸ் கயிற்றில் தொங்கியபடி ஒரு இரவைக் கழித்தார். சுரங்கத்தில் வேலை பார்த்த ரயில் ஊழியர்தான் அவர்கள் குரலைக் கேட்டவர். மீட்க வந்தவர்களும் ரயிலில் வந்து, சுரங்க வாசல் வழியாகவே பாறைக்கு வெளியே போனார்கள். இறங்கிக்கொண்டிருந்த கயிற்றின் முடிச்சு ஒன்று கொக்கியில் சிக்கிவிட்டது. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அவரை இறக்க முடியாமல் கண்ணெதிரே உயிர் போயிற்று. இரண்டு வருடம் கழித்து, 1938இல், வேறு நால்வர் அதே சுவரில் உச்சி வரை போனார்கள்.

கார்டு கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அடிபட்டது ஒருத்தன்தானே? மத்த மூணு பேரும் மேலே போகலையா?" என்றார்.

"போகலை."

அவர் இன்னொரு காசு போட்டுத் தொலைநோக்கியைத் திருப்பினார்.

குளிர் ஏறியதும் அங்கிருந்த உணவகத்துக்குள் போனோம். ஐரோப்பாவில் வெந்நீர் கேட்டால் விலை போடுவார்கள். கிளம்பும் அன்பர்கள் பிளாஸ்க் எடுத்துச் செல்லுங்கள். நாங்கள் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டு உள்ளிருந்து ஒருவர் வந்தார். "ஐயா இந்தியாவோ? எவடம்?" யாழ்ப்பாணத்துக்காரர், வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். 1983க்குப் பிறகு இப்படி வந்து சேர்ந்த ஈழத் தமிழர் குடும்பங்கள் அந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு போய் நிரப்பிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கார்டு மாத்திரை போட்டுக்கொள்வதைப் பார்த்து, "மேல ஏறேல்லையோ? நல்லது. நானும் ஏறுறதில்லை. தலை சுத்தும்" என்றார். அது ஆறுதலுக்குச் சொன்னதோ உண்மையோ, கார்டுக்கு முகம் தெளிந்துவிட்டது.

மாலையில் இருவரும் இறங்கி வந்தார்கள். அக்கவுண்ட்ஸுக்குத் தலைவலி. 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அலெட்ஷ் பனியாற்றைப் பார்த்தோம், பனிக்கட்டியைக் குடைந்த மண்டபத்தில் நடந்தோம் என்று சொன்னார்கள். அதற்கு மேல் விவரிக்காமல் நிறுத்திக்கொண்டார்கள். ஃபோர்மன் எனக்காகச் சுரங்கத்தை நாற்பது படம் எடுத்து வந்திருந்தார். நாற்பதும் ஒரே இருட்டு. இரண்டில் மட்டும் அவர் மூக்கு தெரிகிறது.

அன்றிரவு ரயில் கால அட்டவணையோடு இருந்த வரைபடத்தை விரித்து வைத்து, ஒவ்வொரு மலை நிலையத்தின் உயரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாள் புரூனிக் கணவாய் வழியாக லுசர்ன் போவதாகத் திட்டம். வழியில் அல்ப்னாக்ஷ்டாட் என்ற சிற்றூர். அங்கிருந்து பிலாட்டுஸ் மலைக்கு ஒரு பல்சக்கர ரயில். மேல் நிலையம் 2073 மீட்டர். படித்ததும் கார்டை எழுப்பிவிட்டேன்.

1889இல் திறந்த பாதை அது. எட்வர்ட் லோஹர் என்ற பொறியாளர் கட்டியது. ஏற்றம் நூற்றுக்கு 48 வரை. உலகத்தில் இதைவிடச் செங்குத்தான பல்சக்கர ரயில் கிடையாது. யுங்ஃபிராவ் இதில் பாதிதான். இவ்வளவு சரிவில் பல்சக்கரம் மேலிருந்து கடித்தால் எகிறிப் பல்லைவிட்டு ஏறிவிடும் என்று லோஹர் கண்டார். அதனால் பல்தண்டவாளத்தைப் படுக்கப் போட்டு, இரண்டு பக்கமும் பல் வெட்டி, இரண்டு சக்கரங்கள் இடமும் வலமும் இடுக்கிபோல் பிடிக்கும்படி செய்தார். பெட்டியின் உட்புறம் படிக்கட்டு போல இருக்கிறது. கார்டு பழக்க தோஷத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஃபோர்மன் முதல் வரிசை. வழியெல்லாம் ஒருவருக்கொருவர் மேலும் கீழுமாகக் கத்திப் பேசிக்கொண்டு வந்ததில் மற்றப் பிரயாணிகள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

மேலே மேகம். ஏரியும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. அக்கவுண்ட்ஸ் பாஸில் பாதிக் கட்டணம்தான் ஆயிற்று என்று மூன்று முறை சொன்னார். கார்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நோட்டை எடுத்து, சேர்ந்த நேரம் எழுதினார். ரிமார்க்ஸ் பத்தியில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். 'ஊட்டியைவிட 167 மீட்டர் குறைவு. இன்னும் பாக்கி இருக்கிறது.'