உடைய முன்னர் ஒயில் சொல்லிவிடும்

மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பரா இரும்புத்தாதுச் சுரங்கங்களில் ஓடும் கொமட்சு 930 ரக லொறி, ஒரே தடவையில் சுமார் 290 தொன் ஏற்றக்கூடியது. நமது டிப்பர்காரர்கள் அது எத்தனை லோட் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்! இப்படிப்பட்ட வாகனம் நடுவழியில் படுத்துவிட்டால் நட்டம் திருத்தக் கூலியோடு முடிவதில்லை. மண் அள்ளும் இயந்திரம் சும்மா நிற்கும். ரயிலுக்கும் கப்பலுக்கும் சரக்குப் பிந்தும்.

இத்தனை மணித்தியாலம் ஓடினால் கழற்று என்பதே பழைய முறை. 1978 இல் அமெரிக்காவின் யுனைட்டட் எயார்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் ஆகிய இருவரும் வெளியிட்ட அறிக்கை அதை ஆட்டம்காண வைத்தது. அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் சுமார் 11 வீதமானவற்றுக்கே வயதெல்லை வைப்பதால் பயன் கிடைக்குமாம். நன்றாக ஓடுவதைக் கழற்றிப் பூட்டும்போது புதுக் கோளாறு நுழைவது நமது கராஜ் பாஸ்மாருக்கும் தெரிந்த விடயம்தான்.

ஆகவே இன்று இயந்திரத்தின் நிலையைப் பார்த்தே கை வைக்கிறார்கள். அதிர்வு, சூடு, ஒயில் அழுத்தம் ஆகியவற்றை உணரிகள் அளக்கின்றன. மலிவானதும் பழையதுமான முறைகளுள் ஒன்று ஒயில் பரிசோதனை. அமெரிக்க ரயில்வேக்கள் 1940களிலேயே டீசல் என்ஜின்களுக்கு இதைச் செய்தன. ஒயிலில் சிலிக்கன் கூடினால் எயார் ஃபில்டர் வழியாகத் தூசு போகிறது. இரும்பு கூடினால் லைனரோ கியரோ தேய்கிறது. செம்பு என்றால் புஷ், பெயாரிங் பக்கம் பார்க்க வேண்டும். சோடியம் தெரிந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். இலக்கம் பெரிதா சிறிதா என்பதைவிட, போன தடவையிலிருந்து எவ்வளவு ஏறியது என்பதே முக்கியம்.

பெக்கோ, டிப்பர் இரண்டு மூன்று வைத்திருப்பவருக்கும் இது எட்டாத காரியமல்ல. என்ஜின் சூடாக இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து, சுத்தமான போத்தலில் எடுக்க வேண்டும். அடியில் தங்கிய கசடை எடுத்தனுப்பினால் பரிசோதனைக்குக் கொடுத்த காசு வீண். எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்றும் எண்ண வேண்டாம். மின்னணுப் பாகங்கள் சொல்லாமல் கொள்ளாமலே போகும். ஃபில்டர்களை மணிக்கணக்குப் பார்த்து மாற்றுவதே இலகு.

பாவித்த இயந்திரம் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவும். விற்பவர் நேற்றுத்தான் ஒயில் மாற்றியிருந்தால் பரிசோதனையில் எல்லாம் நல்லதாகவே வரும். கடைசியாக எத்தனையாவது மணித்தியாலத்தில் மாற்றினார் என்று கேளுங்கள். பில்லையும் காட்டச் சொல்லுங்கள்.