காது எட்டட்டும், சார்!

பாலவாக்கத்தில் எங்கள் வீட்டில் இப்போது ஒரே பிரச்னை, பையனின் எல்.கே.ஜி.! மூன்று வயது முடிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை.

"எதிர்வீட்டுக் குட்டி சேர்ந்தாச்சு. நீங்க பேப்பர் படிச்சிட்டே இருங்க!" இது மனைவி.

"அந்தக் காலத்துல தலையைச் சுத்திக் காதைத் தொட்டாத்தான்டா ஒண்ணாங் கிளாஸே!" இது அம்மா.

அம்மாவுக்கு டெல்லியில் ஆதரவு உண்டு. 2020 தேசியக் கல்விக் கொள்கைப்படி ஒன்றாம் வகுப்புக்கு வயது 6. கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-ல் அதைக் கொண்டுவந்தபோது, எதிர்த்த பெற்றோர் சுப்ரீம் கோர்ட்வரை போய்த் தோற்றார்கள். ஃபின்லாந்தில் 7! நம் மாநிலத்தில் 5 போதும். அதனால்தான் மூன்றிலேயே எல்.கே.ஜி. அவசரம்.

நான் பி.காம். பற்று-வரவு போட்டேன். நான்கில் எல்.கே.ஜி. என்றால் ஆறில் ஒன்றாம் வகுப்பு. செலவு: எதிர்வீட்டார் முன் என் கௌரவம். வரவு: பையனுக்கு ஒரு வருஷ விளையாட்டு. ஆனால், அந்த வருஷத்தை டி.வி. முன்னால் உட்காரவைத்தே ஓட்டினால் முழு நஷ்டம்!

நேற்று பீச்சில் நண்டு எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு... ஓடிடுச்சுப்பா!"

காதைத் தொடச் சொன்னேன். எட்டவில்லை. அடுத்த ஜூனில் பார்க்கலாம்.